மலைக்குப் பழக ரப்பர்காடா, ஆரல்வாய்மொழிக் காற்றா, பொன்முடியா?

குமரி மாவட்டத்தில் மலைக்குக் குறைவில்லை. மலை ஏறும் சாலைக்குத்தான் குறைவு. நாகர்கோவிலில் எந்த மொட்டைமாடியில் நின்றாலும் வடக்கே மலைத்தொடர் தெரியும். மகேந்திரகிரி 1,654 மீட்டர். ஆனால் சைக்கிளை எடுத்துக்கொண்டு மேலே போக வழி கிடையாது. மேல் கோதையாறுக்கு நம் பக்கத்திலிருந்து மின்வாரியத்தின் விஞ்ச்தான் (கம்பிக்கயிற்றால் மேலே இழுக்கும் தண்டவாள வண்டி) உண்டு. சாலை வேண்டுமென்றால் திருநெல்வேலி மாவட்டத்துக்குப் போய் மணிமுத்தாறு, மாஞ்சோலை வழியாகச் சுற்ற வேண்டும், அதற்கும் வனத்துறை மனசு வைக்க வேண்டும். பாலமோர், மாறாமலைப் பக்கம் எஸ்டேட் சாலைகள் இருக்கின்றன. செக்போஸ்டில் கதை முடிந்துவிடும். மருந்துவாழ்மலையில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறலாம். அது வேறு நேர்த்திக்கடன்.

நீலகிரியில் பல நாள் சைக்கிள் ஓட்டத்துக்கோ, மலை வழியாகப் போகும் பிஆர்எம் (கெடு நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டம்) ஒன்றுக்கோ பெயர் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து உட்காரும்போதுதான் இது உறைக்கும். 2008-ல் தொடங்கிய டூர் ஆஃப் நீலகிரீஸ் என்ற பல நாள் ஓட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்குக் கல்லட்டி என்ற பெயரும் தெரிந்திருக்கும். மசினகுடிப் பக்கத்திலிருந்து உதகைக்கு ஏறும் பாதை, 36 கொண்டை ஊசி வளைவுகள். பிஆர்எம் என்றால் நேரக் கெடு வேறு: 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40. சாப்பாடு, பஞ்சர், மர நிழலில் அரைத்தூக்கம் எல்லாம் அதற்குள்தான். சமவெளியில் தாராளமாகத் தோன்றும் இந்த நேரம், மணிக்கு எட்டு, பத்து கிலோமீட்டரில் ஊரும் ஏற்றத்தில் கரைந்துபோகும்.

நம் ஊரில் இருந்தபடி இதற்குப் பழக நான்கு வழிகள் உண்டு. நான்கையும் ஒவ்வோர் ஆண்டில் முழுசாக நம்பிக் கெட்டவன் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது ரப்பர்காடு. தக்கலை, குலசேகரம், திற்பரப்பு, பேச்சிப்பாறை, கால் ஒத்துழைத்தால் கீழ் கோதையாறு வரை. விடியுமுன் கிளம்பினால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டுகிறவர்கள் மரத்துக்கு மரம் நகர்வது தெரியும். நிழல், குறைவான வண்டி, வளைவுக்கு வளைவு கட்டன்சாயா. இந்த மாவட்டத்தில் சைக்கிள் ஓட்ட இதைவிட நல்ல இடம் இல்லை, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் நல்ல இடம் என்பதும் நல்ல பயிற்சி என்பதும் வேறு வேறு.

முதல் ஆண்டு இதை மட்டுமே நம்பினேன். ஞாயிறுதோறும் போனில் 1,200 மீட்டர் ஏறியதாகக் காட்டும். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. அந்த மரியாதையோடு கல்லட்டிக்குப் போனேன். பாதி வளைவுகூடத் தாண்டவில்லை, இறங்கி உருட்ட ஆரம்பித்தேன். திரும்பி வந்து பதிவுகளைப் புரட்டியபோதுதான் விஷயம் புரிந்தது. அந்த 1,200 மீட்டரில் எந்த ஏற்றமும் நாலைந்து நிமிடத்துக்கு மேல் இல்லை. மூச்சு முட்டும் நேரத்தில் மேடு முடிந்துவிடும், இறக்கத்தில் காலைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கலாம், அந்த வேகத்திலேயே அடுத்த மேட்டில் பாதி ஏறிவிடலாம். ரப்பர்காடு ஏற்றத்தைத் தவணையில் வசூலிக்கிறது. கல்லட்டி மொத்தத்தையும் ஒரே நாளில் வந்து கேட்கிறது.

அதனால் அதை ஒதுக்கிவிட வேண்டும் என்றில்லை. ஏழெட்டு மணி நேரம் இருக்கையில் உட்காரப் பழகவும், கியர் மாற்றக் கை பழகவும் அதுதான் இடம். மழை பெய்த மறுநாள் வளைவுகளில் ஊறிக்கிடக்கும் ரப்பர் சருகு மட்டும் சோப்புக்குச் சமம், பார்த்துப் போங்கள்.

இரண்டாவது வழியைச் சொன்னால் பலரும் சிரிப்பார்கள். ஆரல்வாய்மொழிக் காற்று. வைகாசிக் கடைசியில் தொடங்கிப் புரட்டாசி வரை தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியாக நெருக்கியடித்துக்கொண்டு கிழக்கே பாய்கிறது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். நாகர்கோவிலிலிருந்து காவல்கிணறு ஏறக்குறைய 20 கிலோமீட்டர். போகும்போது பின்காற்று, மிதிக்கவே வேண்டாம். திரும்பும்போது முப்பந்தல் இசக்கியம்மன் கோவில் தாண்டியதும் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

இது மலைக்கு ஈடாகுமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆளும் சைக்கிளும் சேர்த்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 6 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் போக ஏறத்தாழ 150 வாட் வேண்டும். அதில் 130 வாட் எடையைத் தூக்குவதற்கே போய்விடும். அதே 150 வாட்டில் சமதரையில் 15 கிலோமீட்டர் வேகம்தான் வருகிறது என்றால், எதிர்க்காற்று மணிக்கு 28, 30 கிலோமீட்டரில் அடிக்கிறது என்று அர்த்தம். ஆடி மாதம் பிற்பகலில் ஆரல்வாய்மொழியில் அது பெரிய காற்றே அல்ல. இருதயத்துக்கும் நுரையீரலுக்கும் இரண்டும் ஒன்றுதான். முக்கியமாக, காற்றில் இறக்கம் கிடையாது. மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிளும் நிற்கப் பார்க்கும். ரப்பர்காடு தராத தொடர்ச்சி இங்கே கிடைக்கிறது. அதனால்தான் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் நான் காற்றை எடுப்பேன். ரப்பர்காட்டுக் கட்சிக்காரர்கள் மன்னிக்க.

ஆனால் காற்றும் சில இடங்களில் பொய் சொல்லும். என்னோடு தக்கலையிலிருந்து வரும் அண்ணன் ஒருவர் 88 கிலோ, நான் 62. காற்றில் அவர் என்னை அலட்சியமாக விட்டுவிட்டுப் போவார். எடை கூடியவருக்கு வலுவும் கூடுதல், காற்று எடையைக் கேட்பதில்லை, உடம்பின் அகலத்தை மட்டும்தான் கேட்கிறது. பொன்முடிக்குப் போனபோது கதை தலைகீழ். ஒவ்வொரு கிலோவையும் மேலே தூக்க வேண்டுமே. மூன்றாவது வளைவிலேயே அவர், “தம்பி, காத்துல நான் உனக்கு மறைப்பு தாறேன், மலையில நீ எனக்குத் தண்ணி கொண்டா” என்று ஒப்பந்தம் பேசிவிட்டார். ஆக, காற்றில் கிடைக்கும் பெருமையை மலைக்குக் கொண்டுபோகக் கூடாது. காற்றில் படும் அவமானத்தையும்தான்.

இன்னொன்று, மிதியின் தன்மை. காற்றில் 15 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரத்துக்கு ஓர் ஓட்டம் இருக்கும், ஒரு மிதி தவறினாலும் தாங்கும். செங்குத்தில் 8 கிலோமீட்டரில் அந்த ஓட்டமே இருக்காது, ஒவ்வொரு மிதியும் புதிதாகத் தள்ள வேண்டும். காற்றில் குனிந்து பதுங்குகிறோம், மலையில் நிமிர்ந்து உட்காருகிறோம். இடுப்பிலும் தொடையிலும் வேலை செய்யும் தசை கொஞ்சம் மாறுகிறது. இதைச் சரிக்கட்ட ஒரு வழி உண்டு: எதிர்க்காற்றில் வேண்டுமென்றே கனமான கியர் போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, நிமிடத்துக்கு 60 சுற்றில் பத்துப் பத்து நிமிடமாக மிதிப்பது. முட்டியில் வலி எடுத்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிட வேண்டும். அப்புறம், ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு போனால் பயிற்சி முன்னால் போகிறவருக்கு மட்டும்தான். இடைவெளி விட்டுத் தனித்தனியாகப் போங்கள்.

ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். அது நாற்கரச் சாலை. லாரி ஒன்று பக்கத்தில் போகும்போது காற்று சட்டென்று நின்று, அது கடந்ததும் ஓங்கி அறையும். சைக்கிள் ஒரு முழம் நகர்ந்துவிடும். உயரமான விளிம்புள்ள கார்பன் சக்கரத்தை அங்கே கொண்டுபோகவே வேண்டாம். நான் இப்போது தோவாளை, செண்பகராமன்புதூர் பக்கத்துச் சிறு சாலைகளோடு சரி. காற்று கொஞ்சம் குறைவு, உயிருக்கு உத்தரவாதம் கொஞ்சம் அதிகம்.

மூன்றாவது, பொன்முடி. ஒப்பீட்டுக்கே இடமில்லாத மலை, ஆனால் கேரளத்தில் இருக்கிறது. மார்த்தாண்டத்திலிருந்து வெள்ளறடை, காட்டாக்கடை, ஆரியநாடு, விதுரை வழியாகப் போனால் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். கல்லாறு தாண்டியதும் 22 கொண்டை ஊசி வளைவுகள், கிட்டத்தட்ட 900 மீட்டர் ஏற்றம். மணிக்கு 600 மீட்டர் ஏறுகிறவருக்கு ஒன்றரை மணி நேரம், எங்கும் ஆசுவாசம் இல்லை. 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன்ஷிப்பை அங்கே நடத்தினார்கள், அது காட்டுத்தடப் போட்டி. நமக்கு வேண்டியது தார்ச்சாலை மட்டும்.

வேறு எங்கும் கற்றுக்கொள்ள முடியாத இரண்டு விஷயங்கள் அங்கே உண்டு. ஒன்று பொறுமை: முதல் ஐந்து வளைவில் மூச்சு சுலபமாக இருக்கிறதே என்று விரட்டினால் பதினைந்தாவதில் அதற்குக் கணக்குத் தீர்க்க வேண்டும். மற்றது இறக்கம். ஏறுவதைப் பற்றியே எல்லாரும் பேசுகிறோம். 22 வளைவு இறங்கும்போது விரல்கள் மரத்துப்போய், பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்து ரிம் கொதிக்கும் நிலையை யாரும் சொல்வதில்லை. வளைவுக்கு முன்பே அழுத்தி, வளைவில் விட்டுவிட வேண்டும். கை இதை நாலு தடவை செய்தால்தான் பழகும். ஆரல்வாய்மொழியில் நாற்பது வருடம் ஓட்டினாலும் வராது.

குறை என்னவென்றால் ஒரு நாள் முழுதும் போய்விடும். 160 கிலோமீட்டர் போய்வந்த மறுநாள் வேலைக்குப் போனால் நாற்காலியே எதிரி. மழையில் மண் சரிந்தால் பாதையை அடைத்துவிடுவார்கள், கிளம்புமுன் விசாரிக்க வேண்டும். வாராவாரம் போகிறேன் என்று சபதம் எடுத்தவர்கள் எவரும் இரண்டாவது மாதத்தைப் பார்த்ததில்லை, நான் உட்பட. மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்பது நடக்கும் கணக்கு.

நான்காவது, வீட்டுக்குள் ட்ரெயினர், அதாவது சைக்கிளை நிறுத்திவைத்து இருந்த இடத்திலேயே மிதிக்க விடும் தாங்கி. இதற்கு ஒரு பத்தி போதும் என்றுதான் நினைத்திருந்தேன், ஆனால் நான் அதிகம் குறைத்து மதிப்பிட்டதும் இதைத்தான். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் பெறும் மாவட்டத்தில் ஐப்பசி, கார்த்திகையை வேறு எப்படிக் கடப்பது? இருபது நிமிடம் தாங்கக்கூடிய கடுமையில் மிதித்து, ஐந்து நிமிடம் ஓய்வு, மறுபடி இருபது. லாரி இல்லை, நாய் இல்லை. முன்சக்கரத்துக்கு அடியில் பலகை வைத்து உயர்த்தினால் உட்காரும் கோணம்கூட மலைக்குக் கிட்டே வரும். புழுக்கத்தில் வியர்வை அருவியாக இறங்கும், ஃபேன் இல்லாமல் முடியாது, கரண்ட் போனால் அன்றைய பயிற்சியும் போச்சு. வியர்வையைத் துடைக்காமல் விட்டு என் ஹேண்டில்பார் போல்ட் துருப்பிடித்தது தனிக்கதை. அம்மா வாசலில் நின்று, “இருந்த இடத்துலயே சவுட்டுறதுக்கு இந்தப் பாடா மக்கா?” என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை.

பல்சக்கரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர் சாலைக்கு முன்னால் 34, பின்னால் 28 பல் தாராளம். செங்குத்தில் 10 கிலோமீட்டர் வேகத்தில் அந்தக் கியர் நிமிடத்துக்கு 65 சுற்றுக்கு இறங்கிவிடும். பின்னால் 34 போட்டால் அதே வேகத்தில் 79 சுற்று, முட்டி நன்றி சொல்லும். செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் டீரெய்லர் அத்தனை பெரிய பல்லைத் தாங்குமா என்று கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள். இந்த ஒரு மாற்றம் ஒரு மாதப் பயிற்சிக்குச் சமம் என்பது என் எண்ணம். வழியில் தீனிக்கு நான் பாக்கெட்டில் வரும் சத்து ஜெல்லைத் தேடிப் போவதில்லை. மணிக்கு இரண்டு ஏத்தன்பழம், வளைவுகளில் உரிக்கச் சிரமமென்றால் முந்தைய இரவே துண்டு போட்டு டப்பாவில்.

மார்கழியில் போட்டி என்றால் இந்த நான்கையும் காலமே பங்கு பிரித்துத் தருகிறது. ஆனி முதல் புரட்டாசி வரை வாரத்தில் இரண்டு மாலை காற்று, ஞாயிறு ரப்பர்காடு, ஒவ்வொரு மூன்றாவது ஞாயிறும் பொன்முடி. ஐப்பசியில் மழை பிடித்ததும் ட்ரெயினர், வெயில் வந்த ஞாயிறுகளில் மட்டும் வெளியே. போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு கடைசிப் பொன்முடி, அதற்குப் பிறகு உடம்பை விட்டுவிட வேண்டும்.

தக்கலை அண்ணன் இந்த முறை ஆறு கிலோ குறைத்திருக்கிறார், பின்னால் 34 பல்லும் மாட்டிவிட்டார். தண்ணீர் ஒப்பந்தம் ரத்து என்கிறார். எங்கள் இரண்டு பேருக்கும் இன்னும் மிச்சமிருப்பது ஸ்வெட்டர்தான். மார்கழி விடியலில் உதகையிலிருந்து இறங்கும் குளிருக்கு நாகர்கோவிலில் எவரிடமும் உடுப்பு இல்லை. போன தடவை ஊட்டிக்குத் தேனிலவு போய் வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் இரவல் வாங்கினேன், இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.