கராத்தேயா, டேக்வாண்டோவா, ஜூடோவா, சிலம்பமா? அக்கா மகளுக்காக நடத்திய ஓர் ஒப்பீடு

எட்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு, தற்காப்புக் கலை ஒன்றைக் கற்க வேண்டும் என்று அக்கா மகள் கேட்டாள். பெங்களூரில் இந்தக் கலைகளைச் சொல்லித்தர ஆட்களுக்குப் பஞ்சமில்லை. எதில் சேர்ப்பது என்பதுதான் கேள்வி. எங்கள் அல்சூர் வீட்டிலிருந்து அரைமணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய வகுப்புகளை மூன்று வாரம் அவளோடு சேர்ந்து போய்ப் பார்த்தேன். ஒவ்வோர் இடத்திலும் நான் கவனித்தது ஒன்றைத்தான்: எதிரில் நிற்பவர் விட்டுக்கொடுக்காமல் எதிர்க்கும்போது என்ன செய்வது என்பதை இங்கே எவ்வளவு நேரம் பழக்குகிறார்கள்?

இந்தக் கேள்வி எனக்கு முக்கியமாகப் பட்டதற்குக் காரணம் என் சொந்த அனுபவம். எட்டு ஆண்டுகள் கராத்தே பயின்று கறுப்பு பெல்ட் வாங்கியவன் நான். அதே ஆண்டில், ஜூடோ பயின்ற நண்பர் ஒருவர் பேச்சுவாக்கில் என் சட்டைக் காலரைப் பிடித்து லேசாகத் திருப்பியதும் நிலைகுலைந்து, இடது கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. எட்டு ஆண்டுகளில் ஒருவரும் என் சட்டையை அப்படிப் பிடித்ததில்லை. விழுவது எப்படி என்று எனக்கு யாரும் கற்றுத்தந்ததும் இல்லை.

இதை வைத்துக் கராத்தேயைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது. ஜப்பானின் தென்கோடித் தீவான ஒக்கினாவாவில் வளர்ந்து, 1922இல் ஃபுனகோஷி கிச்சின் என்ற ஆசான் வழியாக ஜப்பானின் பெருநிலத்துக்கு வந்த அந்தக் கலை, நிற்கும் நிலை, மூச்சு, குத்தின் நேர்த்தி ஆகியவற்றில் தரும் ஒழுங்கை நான் இன்றும் உடம்பில் உணர்கிறேன். ஆனால் பல வகுப்புகளில் நேரத்தின் பெரும்பகுதி, கற்பனை எதிராளியோடு தனியாகச் செய்யும் கட்டாவுக்கே போய்விடுகிறது. இருவர் மோதும் குமித்தேயிலும், அடியைக் கட்டுப்படுத்தி நிறுத்துவதே பெரும்பாலான போட்டிகளின் விதி. கியோகுஷின் போன்ற பிரிவுகளில் முழு வேகத்தில் அடிக்கிறார்கள் என்றாலும், அங்கேயும் முகத்தில் கையால் குத்த அனுமதியில்லை. ஆகவே கராத்தே வகுப்பில் சேர்ப்பவர்கள், என்ன பிரிவு, வாரத்துக்கு எத்தனை முறை குமித்தே என்று கேட்டுவிட்டுச் சேர்ப்பது நல்லது.

டேக்வாண்டோவின் பலம் கால். 2000 சிட்னி ஒலிம்பிக்கிலிருந்து முழுமையான பதக்க விளையாட்டாக இருக்கும் அதில், கையால் உடம்பில் குத்தினால் 1 புள்ளி, காலால் உடம்பில் உதைத்தால் 2, தலையில் உதைத்தால் 3. எதற்குப் புள்ளி அதிகமோ அதைத்தான் பிள்ளைகள் பழகுவார்கள் என்பதால், கைகள் கீழே தொங்கிக்கொண்டிருப்பதைப் பல வகுப்புகளில் பார்த்தோம். வேகமும் உடல் வளைவும் வேண்டுமென்றால் இது அருமையான தேர்வு. நெருக்கமாக வந்து பிடிப்பவரைச் சமாளிக்க உதவுமா என்றால், உதவி குறைவு என்பதே என் கணிப்பு.

ஜூடோவை 1882இல் கோடோக்கன் என்ற பயிற்சிப் பள்ளியைத் தொடங்கி உருவாக்கிய கானோ ஜிகோரோ செய்த ஒரு மாற்றத்தை நான் மிகவும் மதிக்கிறேன். பழைய ஜப்பானியத் தற்காப்புக் கலையான ஜுஜுட்சுவில் இருந்த குத்து, உதை போன்ற ஆபத்தான நுட்பங்களை, இருவர் முன்பே வகுத்த வரிசையில் செய்துகாட்டும் கட்டாவுக்குள் ஒதுக்கிவைத்துவிட்டு, தூக்கி எறிதலையும் தரையில் அமுக்கிப் பிடித்தல் போன்ற பிடிகளையும் பயிற்சி மோதலுக்கு வைத்துக்கொண்டார். ஆபத்து குறைந்ததால், ஒவ்வொரு வகுப்பிலும், எதிர்க்கும் ஒருவரோடு முழு பலத்துடன் மோதிப் பார்ப்பது சாத்தியமாயிற்று. ரண்டோரி எனப்படும் இந்தப் பயிற்சியைப் பத்து நிமிடம் பார்த்தாலே போதும். அங்கே யாரும் யாருக்காகவும் விழுந்து கொடுப்பதில்லை.

அதைவிடப் பெரியது விழும் கலை. தாடையை நெஞ்சோடு ஒட்டி, முதுகைப் பந்துபோல வளைத்து, தரையைத் தொடும் கணத்தில் முழங்கையிலிருந்து உள்ளங்கை வரை மொத்தமாக மெத்தையில் அறைய வேண்டும். மணிக்கட்டு ஒன்றே தாங்க வேண்டிய எடை கை முழுவதும் பரவிவிடுகிறது. ஜூடோ வகுப்பின் முதல் வாரம் முழுக்க அக்கா மகளுக்கு இதை மட்டுமே சொல்லித்தந்தார்கள். வீட்டில் எனக்குச் செய்துகாட்டச் சொல்லி, "மாமா, தாடையை உள்ளே வைங்க, தலை அடிபடும்" என்று அவள் திருத்தினாள்.

குறைகளும் உண்டு. மெத்தை விரித்த கூடம் இல்லாமல் ஜூடோ கற்பிக்க முடியாது என்பதால், ஊரில் வகுப்புகள் குறைவு. குத்தையும் உதையையும் எதிர்கொள்ளும் பழக்கம் இதில் கிடையாது. தோள், முழங்கால் காயங்களும் சாதாரணம்.

சிலம்பத்துக்கு வரும்போது என் அளவுகோலே சற்று மாற வேண்டியிருந்தது. நெற்றி உயரத்துக்கு வெட்டிய மூங்கில் கம்பை எடுத்துக்கொண்டு, முதலில் கால் வைப்பைத்தான் பழகுகிறார்கள். கால் தப்பினால் கம்பு தன் முழங்காலிலேயே படும் என்பதால், ஆசான் சொல்வதற்கு முன்பே கம்பு கண்டித்துவிடுகிறது. காற்றைக் கிழிக்கும் அந்தச் சத்தம் சீராக வருகிறதா என்று கேட்டே மணிக்கட்டின் சுழற்சி சரியா என்று ஆசான் சொல்லிவிடுகிறார். வெறுங்கைப் பாடமான குத்துவரிசை உண்டு என்றாலும், நாங்கள் பார்த்த வகுப்பில் அது வெகு தாமதமாகவே வருகிறது. நேரடித் தற்காப்புக்கு இது ஒரு குறைதான். ஆனால் பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் பேசி, தமிழை வீட்டுக்குள் மட்டும் வைத்திருக்கும் பிள்ளை, திறந்தவெளியில் தமிழில் பாடம் கேட்டு, தமிழில் திட்டும் வாங்குகிறாள். இங்கே பிறந்து வளர்ந்த எங்களுக்கு அது சின்ன விஷயமல்ல. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டதிலிருந்து, போட்டி நோக்கோடு வருபவர்களும் கூடியிருக்கிறார்கள் என்று ஆசான் சொன்னார்.

களரியையும் குத்துச்சண்டையையும் தூரம் காரணமாக விட்டுவிட்டோம். இந்த ஊர்ப் போக்குவரத்தில் ஒரு மணி நேரம் பயணம் செய்து போகும் வகுப்பு மூன்றாம் மாதத்தில் நின்றுவிடும்.

கலையின் பெயரைவிடக் கறாராகப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. பெற்றோர் உட்கார்ந்து பார்க்க அனுமதிக்காத வகுப்பு எந்தக் கலையைக் கற்பித்தாலும் அங்கே பிள்ளையைச் சேர்க்கக் கூடாது. ஓரிடத்தில் எங்களை வாசலிலேயே நிறுத்தினார்கள், அன்றே திரும்பிவிட்டோம். பெல்ட் தேர்வுக் கட்டணம் எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பதையும் முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வாரத்தில் மூன்று நாள் ஜூடோ, ஞாயிறு காலையில் சிலம்பம் என்று அவளே முடிவு செய்தாள். அவள் இன்னும் வளர்கிற பிள்ளை என்பதால், ஆசான் நெற்றிக்கு மேல் நான்கு விரல் கூடுதலாகவே கம்பை வெட்டிக் கொடுத்திருக்கிறார்.