குற்ற ஆவணத் தொடர்கள்: பல வருஷம் பார்த்த பிறகு எது தேறுகிறது?

கொலை வழக்குகளைப் பற்றிய ஆவணத் தொடர்களைப் பல வருஷமாக விடாமல் பார்த்து வருகிறேன். நெட்ஃப்ளிக்ஸ் 2016 ஜனவரியில் இலங்கைக்கு வந்தது. அதற்கு முன் யூடியூப்தான். ஹட்டன் பக்கம் இருக்கிற எங்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. எச்டியில் ஓடவிட்டால் மணிக்கு 3 ஜிபி வரை டேட்டா போய்விடும். ரீலோட் போட்டுப் பார்க்கிறவருக்கு, ஒன்றரை மணி நேரத்தில் சொல்லி முடிக்கக்கூடிய வழக்கை ஆறு எபிசோடுக்கு இழுத்தால் எரிச்சல் வராமல் இருக்குமா? ஏன் இழுக்கிறார்கள் என்று கவனிக்கத் தொடங்கியதில்தான் தரத்தை அளக்க எனக்கு ஒரு வழி கிடைத்தது. எடுத்தவர்களுக்கு முதலிலேயே தெரிந்த விஷயத்தை எனக்கு எப்போது சொல்கிறார்கள், எதைச் சொல்லாமலே விடுகிறார்கள் என்று பார்ப்பேன். இசை, கமரா எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்த வகைக்கு உலகம் முழுக்கப் பெரிய கூட்டத்தைச் சேர்த்தது 2015 டிசம்பரில் வந்த ‘மேக்கிங் எ மர்டரர்’. செய்யாத குற்றத்துக்கு 18 வருஷம் சிறையில் இருந்து, டிஎன்ஏ சோதனையால் 2003இல் வெளியே வந்த ஸ்டீவன் ஏவரி, பிறகு ஒரு கொலை வழக்கில் 2007இல் தண்டிக்கப்படுகிறார். இயக்கிய இரண்டு பெண்களும் பத்து வருஷம் இதற்காக உழைத்தார்கள். பார்த்து முடித்த இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. என்னைப் போலத்தான் எல்லோருக்கும் இருந்திருக்கும். லட்சத்துக்கு மேற்பட்டோர் அவரை விடுவிக்கச் சொல்லி வெள்ளை மாளிகைக்கு மனுப் போட்டார்கள். மாநில வழக்கில் ஜனாதிபதி மன்னிப்புக் கொடுக்க முடியாது என்று பதில் வந்தது. அரச தரப்பு நீதிமன்றத்தில் காட்டிய சில சான்றுகள், இறந்த பெண்ணின் காரின் பொனட் கொக்கியில் எடுத்த டிஎன்ஏ உட்பட, அந்தப் பத்து எபிசோடில் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தச் சான்றை நம்பலாமா, கூடாதா என்பது வேறு பேச்சு. பத்து எபிசோட் கையில் இருந்தும் அதை என் முன்னால் வைக்கவில்லையே என்பதுதான் என் மனத்தாங்கல்.

‘த ஜின்க்ஸ்’ இன்னும் கவலைக்குரியது. அதே 2015இல் வந்த ஆறு எபிசோட். கொலைச் சந்தேகத்தில் இருந்த அமெரிக்கப் பணக்காரர் ரொபர்ட் டர்ஸ்ட் பற்றியது. கடைசி எபிசோட் ஒளிபரப்பாவதற்கு முதல் நாள் அவர் கைதானார். மைக்கைக் கழற்றாமலே கழிவறைக்குப் போய்த் தனக்குத்தானே முணுமுணுக்கிற இடம் யாருக்கும் மறக்காது. அந்த முணுமுணுப்பின் வரிகள் அவர் சொன்ன வரிசையில் இல்லை, வெட்டி இடம் மாற்றி ஒட்டியிருக்கிறார்கள் என்பது 2019இல் நீதிமன்ற ஆவணங்கள் மூலம் வெளியானது. 2021இல் அவர் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது, 2022 ஜனவரியில் இறந்தும் போனார். ஆள் குற்றவாளிதானே, என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒருவர் வாயிலிருந்து வந்த வார்த்தையை இடம் மாற்றிக் காட்டுகிறவர் வேறு எதை மாற்றவில்லை என்று நான் எப்படி நம்புவது?

‘த ஸ்டேர்கேஸ்’ 2004இல் வந்தது. மனைவி படிக்கட்டில் இறந்து கிடந்த வழக்கில் மாட்டிய மைக்கல் பீட்டர்சன் பற்றியது. நிதானமான, அழகான வேலை. ஆனால் தொடரின் படத்தொகுப்பாளருக்கும் பீட்டர்சனுக்கும் காதல் இருந்தது என்பதைப் பார்வையாளருக்கு யார் சொன்னார்கள்? தொடர் சொல்லவில்லை.

நடித்துக் காட்டுகிற காட்சி வந்தாலே மட்டம் என்று பலர் சொல்கிறார்கள். 1988இல் எரல் மொரிஸ் எடுத்த ‘த தின் ப்ளூ லைன்’ பார்த்தால் அந்தப் பேச்சு அடங்கிவிடும். ஒரே சம்பவத்தைச் சாட்சிக்குச் சாட்சி மாற்றி மாற்றி நடித்துக் காட்டுகிறார். யார் சொல்வது எங்கே இடிக்கிறது என்று நமக்கே புரிகிறது. பொலிஸ்காரரைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டிருந்த ரண்டல் அடம்ஸ் 1989இல் வெளியே வந்தார். இரத்தம் சொட்டுவதை மெதுவாக ஓடவிட்டு நேரம் கடத்துகிற தொடர்களை இதோடு சேர்க்கவே கூடாது.

தமிழுக்கு வருகிறேன். 2023இல் வீரப்பன் பற்றி இரண்டு தொடர்கள் வந்தன. நெட்ஃப்ளிக்ஸில் செல்வமணி செல்வராஜ் எடுத்த ‘த ஹண்ட் ஃபொர் வீரப்பன்’ நான்கு எபிசோட். ஸீ5இல் ‘கூச முனிசாமி வீரப்பன்’ ஆறு எபிசோட். எங்கள் வீட்டில் இவற்றுக்குத் தனி வரவேற்பு. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட அம்மாவின் சொந்தங்கள் நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் இருக்கிறார்கள். அங்கிருந்து வந்த கடிதங்களில் வீரப்பன் பெயரை அம்மா கேள்விப்பட்டிருக்கிறார். நெட்ஃப்ளிக்ஸ் தொடர் படமாக்கிய விதத்தில் மேல். வீரப்பனின் மனைவி முத்துலட்சுமியும் பொலிஸ் அதிகாரிகளும் மாறி மாறிப் பேசுவதால் எந்தப் பக்கமும் சாய்க்காமல் போகிறது. ஆனால் தேடுதல் என்ற பெயரில் அடிபட்ட மலைக்கிராமத்து மக்களை அது சீக்கிரம் கடந்துவிடுகிறது. ஸீ5 தொடர் அங்கே நிற்கிறது. நக்கீரன் பத்திரிகை எடுத்த பழைய ஒளிநாடாக்களில் வீரப்பனே பேசுவதும், அந்த மக்களுக்கு நடந்த சித்திரவதையும் அதில் இருக்கின்றன. சில இடங்களில் பேச்சு நீளம்தான். இருந்தாலும் இரண்டில் ஒன்று என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

அம்மா கொழுந்து பறித்து ஓய்வானவர். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்ப்பார். ஓர் அமெரிக்கத் தொடர் மூன்றாவது எபிசோட் ஓடும்போது கேட்டார்: “ஏம்புள்ள, கொன்னவன் சின்ன வயசுல என்னா சாப்பிட்டான்னு கூடச் சொல்லிட்டான். செத்த புள்ளயப் பத்தி ஒன்னுமே சொல்லலையே?” அன்றிலிருந்து அதையும் பார்க்கிறேன். இறந்தவருக்குப் பாடசாலைப் படம் ஒன்றும் வயதும் மட்டும்தான் பெரும்பாலும் கிடைக்கிறது.

இது தூரத்து விஷயம் இல்லை. எங்களுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பெண் இறந்தபோது ஒரு சேனல்காரர் வந்தார்கள். லயத்து இஸ்தோப்பில் கிடந்த அவளுடைய செருப்பைக் குனிந்து குனிந்து எடுத்தார்கள். அவளின் அண்ணன், ஏற்கெனவே முறைப்பாடு கொடுத்திருந்ததாகவும் யாரும் கண்டுகொள்ளவில்லை என்றும் கமராவைப் பார்த்து நேராகச் சொன்னார். இரவு ஒளிபரப்பில் செருப்பு வந்தது, சோக இசை வந்தது, தாய் கதறுவது இரண்டு தடவை வந்தது. அண்ணன் சொன்னது வரவில்லை. தரம் என்று நான் எழுதுவது இதைத்தான்.

டெல்லி புராரியில் 2018 ஜூலை 1ஆம் திகதி ஒரே குடும்பத்தில் 11 பேர் இறந்ததைச் சொல்லும் ‘ஹவுஸ் ஒஃப் சீக்ரட்ஸ்’ (லீனா யாதவ், 2021) இந்த விஷயத்தில் மதிப்புக்குரியது. மூன்றே எபிசோட். செய்திச் சேனல்கள் அந்த வீட்டு வாசலில் போட்ட கூத்தையும் மறைக்காமல் காட்டுகிறது. மனநலம் பற்றிப் பேசத் தெரிந்தவர்களைப் பேச விடுகிறது. மனம் சரியில்லாத நாளில் பார்க்க வேண்டாம். கேரளக் கூடத்தாயி மரணங்கள் பற்றிய ‘கறி அன்ட் சயனைட்’ விறுவிறுப்பாகப் போகும். ஆனால் 2023இல் அது வெளியானபோது வழக்கு முடிந்திருக்கவில்லை. தீர்ப்புக்கு முன்பே முடிவு சொல்லும் தொனி எனக்குப் பிடிக்கவில்லை.

டேட்டா குறைவாக இருக்கிறவர்களுக்கு ‘ஃபொரன்சிக் ஃபைல்ஸ்’ போதும். 1996 முதல் 2011 வரை ஏறத்தாழ 400 எபிசோட், ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்குள். பீட்டர் தோமஸின் குரலில் வழக்கு தொடங்கி, சான்று கிடைத்து, தீர்ப்பு வரைக்கும் நேராகப் போய்விடும். நடித்துக் காட்டும் காட்சிகள் பழசாகத் தெரியும். யூடியூபில் 480இல் வைத்துப் பார்த்தாலே தெளிவாக இருக்கிறது.