டர்போ காரில் குரோம் குழாய்கள்: குரோம் பூசிய எஃகா, மெருகிட்ட அலுமினியமா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா?

நிசான் நிறுவனம் 1993 இல் ஜப்பானில் வெளியிட்ட எஸ்14 சில்வியா காரில், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ கொண்ட வகையில் 1998 சிசி கொள்ளளவுள்ள எஸ்ஆர்20டிஇடி எஞ்சின் 220 குதிரைத்திறனைத் தந்தது. பிரிட்டனில் 200எஸ்எக்ஸ் என்ற பெயரில் விற்ற இந்தக் காரை வைத்திருப்பவர்களில் பலர், முன்சக்கரத்துக்கு முன்னால் மூலையில் ஒடுங்கியிருக்கும் இன்டர்கூலரை (டர்போ அழுத்தியதால் சூடான காற்றைக் குளிர்விக்கும் கருவி) அகற்றி, முகப்பு முழுவதும் நிறையும் பெரிய இன்டர்கூலரைப் பொருத்துகிறார்கள். அப்போது காற்றைக் கொண்டுசெல்லும் பழைய குழாய்களுக்குப் பதிலாக நீண்ட உலோகக் குழாய்கள் வேண்டியிருப்பதால், பானெட்டைத் திறந்ததும் கண்ணில் படும் அவை கண்ணாடிபோல் மின்ன வேண்டும் என்ற விருப்பமும் கூடவே வருகிறது. அந்த விருப்பத்தில் தவறு எதுவும் இல்லை. எஞ்சினின் ஆயுளைக் குறைக்காமல் அதை நிறைவேற்ற எந்த உலோகம் பொருந்தும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் குரோம் பூசிய மைல்டு ஸ்டீல், அதாவது சாதாரண எஃகு. நாம் குரோம் என்று பார்க்கும் படலம் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிமன் கொண்டது. துருவைத் தடுக்கும் வேலையை அதன் அடியில் இருக்கும், அதைவிடப் பல மடங்கு தடித்த நிக்கல் அடுக்குதான் செய்கிறது. முலாம் தொட்டியில் மின்னோட்டம் குழாயின் வெளிப்புறத்தையே நாடிச் செல்வதால், வாய்ப்பகுதியைத் தாண்டி உள்ளே நிக்கலோ குரோமோ சரிவரப் படிவதில்லை. எனவே வெளியே கண்ணாடிபோல் மின்னும் அதே குழாய் உள்ளே வெறும் எஃகாகவே இருக்கிறது. இரவில் குளிர்ந்த குழாய்க்குள் ஈரம் படிந்து எஃகு துருவேறும். வாய் விளிம்பில் பாதி பற்றியும் பாதி பற்றாமலும் நிற்கும் முலாம், கிளாம்ப் எனும் பட்டை இறுக்கும் இடத்திலிருந்து உரியத் தொடங்கும்.

அந்தத் துகள் எங்கே போகும் என்பது குழாய் அமர்ந்திருக்கும் இடத்தைப் பொறுத்தது. டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் குழாயில் உதிர்வது பெரும்பாலும் இன்டர்கூலரின் தொட்டியிலும் மடிப்புகளிலும் தங்கிவிடும். காற்று வடிகட்டிக்கும் டர்போவுக்கும் இடையிலுள்ள குழாயில் உதிர்ந்தால், நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழன்று காற்றை அழுத்தும் கம்ப்ரசர் சக்கரத்தின் மெல்லிய இறக்கைகளில் அது நேரே மோதும். இன்டர்கூலரைக் கடந்த குழாயில் உதிர்ந்தாலோ, காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் வழியாக வால்வு இருக்கைகளுக்கும் சிலிண்டர் சுவருக்கும் தடையின்றிச் சென்றுவிடும். இந்த இரண்டு இடங்களிலும் மலிவான குரோம் எஃகுக் குழாயை யார் கேட்டாலும் வேண்டாம் என்றே சொல்வேன். குரோமின் நிறம்தான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்கள், மின்சாரமின்றி வேதிமுறையில் படியும் நிக்கலைக் குழாயின் உள்ளும் புறமும் முதலில் பூசச் சொல்லி, அதன் மேல் வெளிப்புறத்தில் மட்டும் குரோம் போட்டுக்கொள்ளலாம். செலவு கூடினாலும் அதுவே நேர்மையான வழி.

மெருகிட்ட அலுமினியத்தில் உரிவதற்கு மேற்பூச்சே கிடையாது. உலோகமே மின்னுகிறது. அடர்த்தி கன செ.மீ.க்கு 2.7 கிராம் மட்டுமே என்பதால், 2 மி.மீ. சுவருள்ள அலுமினியக் குழாய் 1.5 மி.மீ. எஃகுக் குழாயில் பாதி எடையைக்கூட எட்டுவதில்லை; எஞ்சின் குலுங்கும்போது ஹோஸ் இணைப்புகள் தாங்க வேண்டிய சுமையும் அந்த அளவுக்குக் குறைகிறது. குரோமின் நீலம் கலந்த ஆழம் இதற்கு வராது என்பதும், சில மாதங்களில் மங்கும் என்பதும் உண்மைதான். பிரிட்டனின் குளிர்காலச் சாலை உப்பு இதை வெளுக்கச் செய்யும். காரத்தன்மையுள்ள எஞ்சின் கழுவும் திரவங்கள் அதைவிட வேகமாகக் கெடுக்கும். ஆயினும் மங்கிய அலுமினியத்தைத் துணியும் பாலிஷும் கொண்டு மீட்டுவிடலாம், உரிந்த குரோமை அப்படி மீட்க முடியாது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் 304 ரகத்தை நன்கு மெருகேற்றினால் குரோமுக்கு மிக அருகில் வருகிறது, உள்ளும் புறமும் துருவை எதிர்க்கிறது. எடை எஃகைப் போன்றதே. இதில் பலர் கவனிக்காத ஆபத்து வெல்டிங்கில் இருக்கிறது: குழாயின் உள்ளே ஆர்கான் வாயு நிரப்பாமல் பற்றவைத்தால், உட்புறத் தையல் சர்க்கரைக் கட்டிபோல் பொரபொரத்து, நாளடைவில் மணிமணியாக உதிரும். வாங்கும் முன் டார்ச் ஒளியில் உட்புறத்தைப் பாருங்கள்.

வெப்பக்கடத்தலை வைத்து அலுமினியத்தைப் புகழ்பவர்களும் பழிப்பவர்களும் உண்டு. 30 டிகிரி காற்றை வளிமண்டலத்துக்கு மேல் ஒரு பார் (அழுத்த அலகு) அளவுக்கு அழுத்தினால், வழக்கமான கம்ப்ரசர் திறனில் அது 120 டிகிரியைத் தாண்டும் என்பது சரியே. ஆனால் காற்று குழாயைக் கடக்கும் நேரம் ஒரு நொடியின் சிறு பகுதிதான் என்பதால், எந்த உலோகமாயினும் வெப்ப வேறுபாடு சொற்பமே. குரோமும் இந்தச் சூட்டைத் தாங்கும். புகைபோக்கிக் குழாயில்தான் அது மஞ்சளும் நீலமுமாக நிறம் மாறும்.

எந்த உலோகத்தைத் தேர்ந்தாலும் இணைப்புகளே இறுதியில் நம்பகத்தன்மையைத் தீர்மானிக்கின்றன. வழவழப்பான முனை, அதிலும் எஞ்சினின் அடிப்பெட்டியான கிரான்க்கேஸிலிருந்து காற்றுடன் வரும் எண்ணெய்ப் பூச்சு படிந்த முனை, சிலிகோன் ஹோஸைப் பிடித்து வைக்காது. ஆகவே முனையைச் சுற்றி வளையமேடு எழுப்பிய குழாயையும், உட்புறம் எண்ணெயைத் தாங்கும் ஃப்ளூரோசிலிகோன் பூசிய ஹோஸையும், டி-போல்ட் கிளாம்பையும் வாங்க வேண்டும். கிளாம்ப் மேட்டின் மீது ஏறாமல் அதற்குப் பின்னால் அமர வேண்டும். எஸ்ஆர்20டிஇடி காற்றை நுழைவாயிலிலேயே ஏர்ஃப்ளோ சென்சாரால் அளந்து எரிபொருளைத் தீர்மானிப்பதால், டர்போவுக்குப் பின் கசியும் காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோல் ஊற்றும். கலவை செறிந்து பிளக்குகள் கரிபிடிக்கும். பொருத்துவதற்கு முன் மெருகுத் தூளும் முலாம் எச்சமும் போகக் குழாயின் உட்புறத்தைச் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி உலர்த்துங்கள். பொருத்திய பின் எஞ்சினை இயக்காமலே டர்போ நுழைவாயிலை அடைத்து, டர்போ வழக்கமாகத் தரும் அழுத்த (பூஸ்ட்) அளவுக்குக் காற்றைச் செலுத்தி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

என் காருக்கென்றால் டர்போவின் முன்னும் இன்டர்கூலருக்குப் பின்னும் மெருகிட்ட அலுமினியத்தையும், டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் சூடான குழாய்க்கு நன்றாகப் பற்றவைத்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் தேர்வேன். குரோமை, காற்றுப் பாதையில் இல்லாத தாங்கிகளுக்கும் மூடிகளுக்கும் விட்டுவிடுவேன்.