ஐந்து பேருக்கு ஒரு செய்தி வலை: ஃபைடோவா, கியூடபிள்யூகேவா, லோராவா?

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஓர் இரவு மின்சாரம் போய்த் திரும்பியபோது, எங்கள் செய்தி வலையின் மையமாக இருந்த ராஸ்பெரி பை கணினியின் மெமரி கார்டு செத்துப்போனது. ஐந்து நண்பர்கள் எட்டு மாதம் எழுதிய கடிதங்கள் அத்தனையும் அதில் இருந்தன. புதுக் கார்டு வாங்கிப் போட்டு, மறுநாள் மாலைக்குள் எல்லாவற்றையும் மீட்டுவிட்டேன். கோவையில் நண்பரின் மேசைக்கடியில் கிடக்கும் பழைய மடிக்கணினி திருப்பிக் கொடுத்தது. தலைப்பில் உள்ள மூன்றும் இப்படிச் செய்தி பரிமாறும் முறைகள்; எல்லா முறைகளிலும் இது இவ்வளவு சுலபமாக நடந்திருக்காது. அதனால்தான் இந்த அலசலை எழுதுகிறேன்.

பிபிஎஸ், அதாவது கணினியில் இயங்கும் அறிவிப்புப் பலகை, என்ற பெயரைக் கேட்டிராதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். 1978 ஜனவரியில் சிகாகோ நகரம் பெரும் பனிப்புயலில் முடங்கிக் கிடந்தபோது வார்ட் கிறிஸ்டென்சன், ராண்டி சூயஸ் என்ற இரு கணினி ஆர்வலர்கள் ஒரு யோசனையைப் பேசினார்கள். கணினிச் சங்கத்தின் சுவரில் குண்டூசி குத்தி மாட்டும் அறிவிப்புகளைத் தொலைபேசி வழியே ஒரு கணினியில் மாட்டினால் என்ன? அதே ஆண்டு பிப்ரவரி 16 அன்று அந்தக் கணினி அழைப்புகளை ஏற்கத் தொடங்கிவிட்டது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே வரலாம். அவர் துண்டித்தால்தான் அடுத்தவருக்கு இடம்.

இப்படித் தனித்தனித் தீவாக இருந்த பலகைகளை இணைத்தது 1984-இல் சான் பிரான்சிஸ்கோவில் டாம் ஜென்னிங்ஸ் தொடங்கிய ஃபைடோநெட். வெளியூர் அழைப்புக் கட்டணம் குறையும் நள்ளிரவில் ஒரு கணினி இன்னொன்றை அழைத்து, அன்றைய கடிதங்களை மூட்டையாகக் கொடுத்துவிட்டு, தனக்கு வந்ததை வாங்கிக்கொள்ளும். 1990-களின் நடுவில் இந்த வலையில் 30,000-க்கும் மேற்பட்ட முனைகள், அதாவது இணைந்த கணினிகள், இருந்தன. பிறகு இணையம் வந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது. இப்போது ஆர்வலர்கள் திரும்பி வருகிறார்கள். தொலைபேசி மோடம் போய்விட்டது, மூட்டை கட்டும் முறை அப்படியே இருக்கிறது.

நாங்கள் ஐவர். திருச்சி, கோவை, ஓசூர் என்று பிரிந்து கிடக்கிறோம். நாங்கள் கேட்டது மூன்று: கடிதம் ஒவ்வொருவர் வீட்டு வட்டிலும் தங்க வேண்டும், ஒருவர் கணினி அணைந்தாலும் வலை நிற்கக் கூடாது, தமிழில் எழுத முடிய வேண்டும். மூன்றாவதுதான் எங்களை அதிகம் அலைக்கழித்தது.

முதலில் கையில் எடுத்தது கியூடபிள்யூகே. 1987-இல் இது பிறந்ததே தொலைபேசிக் கட்டணத்தை மிச்சப்படுத்தத்தான். பலகையில் உள்ள புதிய செய்திகளை ஒரே பொட்டலமாக இறக்கிக்கொண்டு, தொடர்பைத் துண்டித்துவிட்டு, நிதானமாகப் படித்துப் பதில் எழுதி, பதில்களை இன்னொரு பொட்டலமாக ஏற்றலாம். மனிதர்களுக்கென்று செய்த இந்த வழியையே பிற்பாடு பலகைகளும் தமக்குள் பயன்படுத்தத் தொடங்கின. சிங்க்ரோநெட் என்ற பிபிஎஸ் மென்பொருளைச் சுற்றி இயங்கும் டவ்நெட் வலை இன்றும் பெரும்பாலும் இப்படித்தான் ஓடுகிறது. அமைப்பது மிகச் சுலபம்: நடுவில் ஒரு மையம், ஒவ்வொரு கிளைக்கும் எட்டு எழுத்துக்கு மிகாத ஒரு பெயர், ஒரு கடவுச்சொல். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டுக்குள் மூன்று ஊர்களையும் இணைத்துவிட்டோம்.

சிக்கல் தலைப்பில் வந்தது. மூல வடிவத்தில் கடிதத்தின் தலைப்புக்கு 25 பைட் இடம்தான். ஆங்கிலத்தில் அது 25 எழுத்து. யூனிகோடு தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் செலவாகிறது; 'ப' ஒரு குறி, 'பொ' இரண்டு குறி. ஜனவரியில் நண்பர் ஒருவர் 'பொங்கல் வாழ்த்து' என்று தலைப்பிட்டு, பழைய முறையை மட்டும் அறிந்த ஒரு வாசிப்பு நிரலிலிருந்து அனுப்பினார். எங்களுக்கு வந்து சேர்ந்தது 'பொங்கல் வ'. எண்ணிப் பாருங்கள்: 'பொங்கல்' 21 பைட், இடைவெளி ஒன்று, 'வ' மூன்று. கச்சிதமாக 25. சிங்க்ரோநெட் கூடுதல் தலைப்புக் கோப்பு ஒன்றைப் பொட்டலத்தில் சேர்த்து இந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. ஆனால் இரு முனையும் அந்தக் கோப்பைப் படிக்கத் தெரிந்தவையாக இருக்க வேண்டும்.

இதே வடிவத்தில் இன்னொரு வினோதமும் உண்டு. வரி முடிவைக் குறிக்க 227 என்ற பைட்டைப் பயன்படுத்துகிறார்கள். ஜப்பானிய ஹிரகானா எழுத்துகள் யூனிகோடில் அதே பைட்டில்தான் தொடங்குகின்றன, ஆகவே பழைய நிரலில் அவை சிதறிப்போகும். தமிழ் தொடங்குவது 224-இல். மூன்று எண் தள்ளி நின்றதால் தப்பித்தோம்.

ஆனால் கியூடபிள்யூகேயை நாங்கள் விட்டதற்குக் காரணம் தலைப்பு மட்டுமில்லை. அதில் எல்லாம் மையத்தை நம்பியிருக்கிறது. கிளைகளிடம் நகல் இருக்கும், ஆனால் மையம் அழிந்தால் அந்த நகல்களைப் பழைய அடையாளத்தோடு மேலே திருப்பி அனுப்ப எங்களுக்கு நேர்த்தியான வழி கிடைக்கவில்லை.

ஃபைடோ முறை அங்கேதான் வேறுபடுகிறது. ஒவ்வொரு முனைக்கும் மண்டலம், வலை, முனை என்று மூன்று பகுதி முகவரி உண்டு. உலக ஃபைடோநெட்டில் சேராமலே, யாரும் பயன்படுத்தாத ஒரு மண்டல எண்ணை எடுத்துத் தனி வலை தொடங்கலாம். எஃப்எஸ்எக்ஸ்நெட் என்ற ஆர்வலர் வலை 21-ஆம் மண்டலமாக இயங்குகிறது. நாங்கள் குறளை நினைத்து 1330 என்று வைத்துக்கொண்டோம். என் முகவரி 1330:1/1. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சொந்த ஊர் அஞ்சல் குறியீட்டைப் பார்ப்பது போன்ற மகிழ்ச்சி.

பொதுக் கடிதம் ஒவ்வொன்றும் தனக்கென ஓர் அடையாள எண்ணைத் தாங்கி வருகிறது. தான் எந்தெந்த முனைகளைப் பார்த்துவிட்டது என்ற பட்டியலையும், எந்த வழியாக வந்தது என்ற வரியையும் வாலில் கட்டிக்கொண்டு வருகிறது. இதனால் ஒரே கடிதம் இரண்டு வழியாக வந்தாலும், இரண்டாவதை மென்பொருள் அடையாளம் கண்டு ஒதுக்கிவிடும். மூட்டைக் கோப்பின் பெயர் கிழமையின் ஆங்கிலப் பெயரில் உள்ள முதல் இரண்டு எழுத்துகளோடும் ஓர் எண்ணோடும் முடியும். கோப்புறையைத் திறந்தவுடனேயே திங்கட்கிழமை மூட்டை எது, வெள்ளிக்கிழமை மூட்டை எது என்று கண்ணால் தெரிகிறது. 40 ஆண்டு பழைய ஏற்பாடு, இன்றும் எனக்குப் பயன்படுகிறது.

கார்டு செத்த மறுநாள் நான் செய்தது இவ்வளவுதான். புதுக் கார்டில் மென்பொருளை நிறுவி, கோவை முனையின் ஏரியாஃபிக்ஸ் என்ற தானியங்கிக்கு ஒரு கடிதம் அனுப்பினேன். தலைப்பில் கடவுச்சொல், உள்ளே ரீஸ்கேன் என்ற ஒரு கட்டளை. அந்த மடிக்கணினி எட்டு மாதக் கடிதங்களையும் மூட்டை கட்டி அனுப்பியது. ஓசூருக்கும் அந்த மூட்டைகள் போயின, ஆனால் அங்கே ஒரு கடிதம்கூட இரட்டிக்கவில்லை. அடையாள எண் தன் வேலையைச் செய்தது.

தலைப்புக்கு இங்கே 71 பைட், தமிழில் 23 குறி. அனுப்புநர் பெயருக்கு 35 பைட், அதாவது 11 குறி. தாராளம் என்று சொல்ல முடியாது, ஆனால் வாழ்த்து முழுதாக வந்து சேரும். கடிதத்தின் உடலுக்கு இப்படி ஒரு நெருக்கடி இல்லை, அது யூனிகோடில் எழுதப்பட்டது என்று அறிவிக்கவும் முறையான குறிப்பு வரி உண்டு.

வீட்டு இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். நம் ஊரில் பல நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடைத்துவைக்கின்றன. வெளியிலிருந்து யாரும் உங்கள் கணினியை அழைக்க முடியாது. முதல் இரண்டு வாரம் நான் ரவுட்டரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன், காரணம் இதுதான். ஃபைடோவின் இன்றைய போக்குவரத்து நெறியான பின்க்பி, 24554 என்ற வாசல் (போர்ட்) வழியே, கிளையே மையத்தை அழைக்கும்படி அமைக்க இடம் தருகிறது. ஆகவே மையத்துக்கு மட்டும் நிலையான முகவரி வேண்டும். அதற்கு மாதாமாதம் தனியாகப் பணம் கட்டுகிறேன். மற்ற நால்வருக்கும் எந்தச் செலவும் இல்லை. கியூடபிள்யூகேக்கும் இதே வசதி பொருந்தும், இந்த ஒன்றில் இரண்டும் சமம்.

லோரா என்ற, குறைந்த மின்சக்தியில் நெடுந்தூரம் போகும் வானொலி முறையைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். மெஷ்டாஸ்டிக் என்ற திறந்த மென்பொருளை ஏற்றிய கைக்கடக்கமான வானொலிக் கருவிகள், இணையமே இல்லாமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் செய்தியைத் தாவவைக்கின்றன. இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல், வரையறுத்த திறனுக்குள் பயன்படுத்தலாம். வழக்கமான அமைப்பில் ஒரு செய்தி மூன்று முறை தாவும், அதிகபட்சம் ஏழு. புயல் வந்து கோபுரங்கள் விழுந்த நாளில் இதைவிடப் பெரிய துணை இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் கடிதம் எழுத இது இடமில்லை. ஒரு செய்திக்கு ஏறத்தாழ 200 பைட். 'இன்று மாலை ஆறு மணிக்கு மொட்டை மாடியில் ஆன்டெனாவைச் சரிபார்க்கிறேன்' என்ற ஒரே வாக்கியம் 184 பைட் ஆகிறது. ஆங்கிலத்தில் இரண்டு மூன்று வாக்கியம் எழுதக்கூடிய இடத்தில் தமிழில் ஒன்றோடு நிறுத்த வேண்டும். தவிர, வினாடிக்கு ஏறத்தாழ 1,000 பிட் வேகத்தில் அந்த ஒரு வாக்கியம் ஒன்றரை விநாடிக்கும் மேல் அலைவரிசையைப் பிடித்துக்கொள்கிறது, அதுவரை அந்தப் பகுதியில் மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். இதன் மேலேயே அறிவிப்புப் பலகை நடத்தவும் சிறு நிரல்கள் இருக்கின்றன. முயன்று பார்த்தேன், தந்தி அடிப்பது போலச் சுருக்கிச் சுருக்கி எழுத வேண்டியிருக்கிறது. திருச்சிக்கும் கோவைக்கும் நடுவே இருக்கும் தூரத்தை மூன்று தாவலில் கடக்கவும் முடியாது. ஒரே தெருவிலோ ஒரே கல்லூரி வளாகத்திலோ இருப்பவர்கள் இதை முதலில் எடுத்துக்கொள்ளலாம். எடுப்பவர்கள் முதல் வேலையாகச் சேனலின் மறைகுறியாக்கச் சாவியை மாற்றிவிடுங்கள். கருவியோடு வரும் இயல்புச் சாவி உலகத்துக்கே தெரிந்தது.

அமெச்சூர் வானொலி வழியே பொட்டலம் அனுப்பும் பழைய முறையும் உயிரோடு இருக்கிறது. அதற்குத் தேர்வு எழுதி உரிமம் வாங்க வேண்டும், செய்தியை மறைகுறியாக்கவும் கூடாது. தனி வலை வேண்டும் என்பவர்களுக்கு அது பொருந்தாது.

இனி மென்பொருள். சிங்க்ரோநெட் 1991-இலிருந்து வளர்ந்து வருகிறது, திறந்த மூலம். இணையப் பக்கம், கோப்பு வழங்கி, நியூஸ் வழங்கி (கடிதங்களைச் செய்திக் குழுவாக மற்ற நிரல்களுக்குத் தருவது) எல்லாம் ஒரே நிரலில் இருக்கின்றன. முதல் நாள் அமைப்புப் பட்டியல்களைப் பார்த்து மிரண்டுவிடுவீர்கள், எனக்கும் ஒரு வாரம் பிடித்தது. மிஸ்டிக் என்ற மென்பொருள் இதைவிட இணக்கமானது. மூட்டையைப் பிரிக்கும் நிரல், அழைக்கும் நிரல் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன, திரையும் அழகு. ஆனால் மூல நிரல் மூடியது. பத்து ஆண்டு கழித்து எழுதியவர் ஓய்வெடுத்துக்கொண்டால் பழுது பார்க்க நம்மிடம் ஒன்றும் இருக்காது. கடிதங்களை நீண்ட காலம் வைத்திருக்க விரும்பும் ஒருவருக்கு இது சின்னக் குறையில்லை. எனிக்மா½ நோட்ஜேஎஸ்ஸில் எழுதப்பட்டது, திறந்த மூலம், நிரல் எழுதத் தெரிந்த இளைஞர்களுக்குப் பிடிக்கும்.

நான் சிங்க்ரோநெட்டில் நின்றதற்குக் காரணம் தமிழ். பிபிஎஸ்ஸின் வண்ணத் திரைகள் எல்லாம் ஐபிஎம் கணினியின் 256 எழுத்துகள் கொண்ட பழைய அட்டவணையை நம்பியவை, அதில் தமிழுக்கு இடமில்லை. யூனிகோடு தெரிந்த டெர்மினலிலும் (எழுத்துகளைக் கட்டங்களில் காட்டும் நிரல்) ஒவ்வொரு குறிக்கும் ஒரே அளவுக் கட்டம் ஒதுக்குவதால், 'கொ' என்று எழுதினால் கொம்பு ஓரிடம், கால் ஓரிடம் என்று பிரிந்து நிற்கும். படிக்கப் படிக்கக் கண் வலிக்கும். சிங்க்ரோநெட்டின் நியூஸ் வழங்கியைத் தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் நிரலில் இணைத்துவிட்டால் அதே கடிதங்கள் சுத்தமான தமிழில் தெரிகின்றன. விளையாட்டுக்கும் வண்ணப் படத்துக்கும் டெர்மினல், கடிதத்துக்குத் தண்டர்பேர்டு என்று நாங்கள் பிரித்துக்கொண்டோம்.

'தனி' என்ற சொல்லைப் பற்றி நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். இந்த வலைகள் மூடியவை, ரகசியமானவை இல்லை. ஃபைடோ முறையில் ஒருவருக்கு மட்டும் எழுதும் கடிதமும் வழியில் உள்ள முனைகளின் வட்டில் வெறும் எழுத்தாகத்தான் கிடக்கும். மையத்தை நடத்தும் நான் நினைத்தால் படிக்க முடியும். படிப்பதில்லை என்ற என் சொல்லை நண்பர்கள் நம்புகிறார்கள். நெட் வங்கிக் கடவுச்சொல்லையோ மருத்துவ அறிக்கையையோ இதில் அனுப்பாதீர்கள், அதற்கு முனைக்கு முனை மறைகுறியாக்கம் உள்ள கைபேசிச் செயலிகளே சரி. பலகைக்குள் நுழைய, எதையும் மறைக்காமல் அனுப்பும் டெல்நெட்டை மூடிவிட்டு, மறைகுறியாக்கம் உள்ள எஸ்எஸ்எச் மட்டும் திறந்துவையுங்கள். நான் டெல்நெட் வாசலைத் திறந்த ஒரு மணி நேரத்துக்குள் முன்பின் தெரியாத இயந்திரங்கள் கடவுச்சொல்லை ஊகிக்க வரிசையில் வந்து நின்றன.

ஆகவே இரண்டு மூன்று பேர் என்றால் கியூடபிள்யூகேயில் தொடங்குங்கள், ஒரு காலைப்பொழுது போதும். நான்கைத் தாண்டினால், அல்லது கடிதங்கள் உங்களுக்கு அருமை என்றால், ஃபைடோ முறைக்கு வந்துவிடுங்கள். முதல் நாளிலேயே மையத்தோடு மட்டும் நிற்காமல் கிளைகளில் ஏதாவது இரண்டுக்கு இடையில் ஒரு குறுக்கு இணைப்பும் போடுங்கள். நிலையான முகவரி இல்லாத வீடுகள் என்றால் அந்த இணைப்பை ஒரு தனிச் சுரங்க வலை (விபிஎன்) வழியே கொண்டுபோகலாம். கார்டு செத்த அந்த ஒரு நாள் எங்கள் வலை நின்றுபோனது, பிறகுதான் நாங்கள் கோவைக்கும் ஓசூருக்கும் அப்படி ஒன்று போட்டோம்.

போன மாதம் ஆறாவதாக ஒரு நண்பர் சேர்ந்தார். அவருடைய கணினிக்கு 1330:1/6 என்று எண் கொடுத்து, பழைய கடிதங்களையெல்லாம் ஒரே மூட்டையாக அனுப்பிவைத்தேன். இரவு முழுக்க உட்கார்ந்து படித்திருக்கிறார். காலையில் அவரிடமிருந்து வந்த முதல் கடிதம் ஒரு கேள்வி: "இந்த 'பொங்கல் வ' என்பது என்ன?"