இரண்டு வருடக் கொம்புச்சா: ஒரு பாட்டில் குண்டு, ஒரு பாட்டில் பச்சைத் தண்ணீர்

நேற்று நாற்காலி மேல் ஏறி நின்று சமையலறைக் கூரையைத் துடைத்தேன். இஞ்சித் துணுக்குகள் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு பாட்டிலைத் திறந்ததன் பலன். அதே ஜாடியிலிருந்து, அதே நாளில், அதே அளவு இஞ்சி போட்டு நிரப்பிய அடுத்த பாட்டிலைத் திறந்தால் 'உஸ்' என்ற சத்தம்கூட இல்லை. துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் நண்பர் ஒருவரிடமிருந்து செய்தி: "நானும் வீட்ல கொம்புச்சா போடலாம்னு இருக்கேன். ஈஸிதானே?"

ஈஸிதான். அதுதான் பிரச்சினை. கொம்புச்சா என்பது சர்க்கரை போட்ட தேநீரைப் புளிக்கவைத்துச் செய்கிற, குமிழி வரும் பானம். லிட்டருக்கு 70 கிராம் சர்க்கரை, 6 கிராம் கறுப்புத் தேயிலை, ஆறவைத்த பிறகு முந்தைய தடவை செய்த கொம்புச்சாவில் ஒரு பகுதி, மேலே நெருக்கமான நெசவுத் துணி. ஏழிலிருந்து பத்து நாளில் புளிப்பு ஏறிவிடும். இந்தப் பகுதி இரண்டு வருடத்தில் ஒரே ஒருமுறைதான் என்னைக் கைவிட்டது, அதுவும் என் தப்பு. பழைய திரவம் கொஞ்சமாகத்தான் இருந்தது, "பரவாயில்லை" என்று அதையே ஊற்றினேன். தொடக்கத்திலேயே பிஹெச் (புளிப்பு ஏற ஏற இறங்கும் அளவு) 4.5-க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும், இறங்கவில்லை. எட்டாம் நாள் மேலே பச்சையாக, பஞ்சு மாதிரி பூஞ்சை. மேலே வளரும் தட்டான ஸ்கோபியோடு மொத்தத்தையும் கொட்டினேன். பூஞ்சையைச் சுரண்டி எடுத்துவிட்டு மிச்சத்தைக் குடிக்கிற வேலையே வேண்டாம்.

ஸ்கோபியைப் பற்றி எல்லோரும் பிள்ளை மாதிரி உருகுகிறார்கள். அந்த வழுவழுப்பான தட்டு, பாக்டீரியா நெய்த செல்லுலோஸ். வேலை செய்கிற ஈஸ்டும் பாக்டீரியாவும் திரவத்திலேயே தாராளமாக இருக்கின்றன. தட்டே போடாமல் வெறும் பழைய திரவத்தை ஊற்றி வைத்தேன், புதுத் தட்டு தானாக வளர்ந்தது. சரி, அது போகட்டும்.

என் கோபமெல்லாம் கேஸ் மேல்தான். புளித்ததைப் பாட்டிலில் அடைத்து மூடி, குமிழி ஏறுவதற்காக ஃப்ரிட்ஜுக்கு வெளியே வைக்கும் அந்த மூன்று நாள் மேல். முதல் வருடம் முழுக்க எந்த பாட்டில் பொங்கும், எது பொங்காது என்று சீட்டு எடுக்கிற மாதிரிதான் இருந்தது. மூடியில் குறை என்று நினைத்தேன், ரப்பர் வளையங்களை மாற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் ஒருநாள் நிரப்பிய வரிசைப்படி பாட்டில்களில் எண் எழுதினேன். நான்கு தடவை தொடர்ந்து பார்த்ததில் விஷயம் புரிந்தது. முதலில் நிரப்பிய இரண்டும் செத்துக் கிடக்கும், கடைசி பாட்டில் எகிறும். ஈஸ்ட் ஜாடியின் அடியில் படிந்துவிடுகிறது. மேலே இருந்து ஊற்றும்போது முதல் பாட்டில்களுக்கு அது சரியாகப் போய்ச் சேருவதில்லை, வண்டல் முழுக்க கடைசி பாட்டிலுக்கு. ஊற்றுவதற்கு முன் ஒரு கலக்குக் கலக்கினால் போதும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம்!

அதோடு தீர்ந்ததா என்றால், பாதிதான். ஒரு கிராம் சர்க்கரை முழுக்க நொதித்தால் ஏறத்தாழ அரை கிராம் கரியமில வாயு வரும். இந்தக் கணக்கை நம்பி பழம் போடுவதை நிறுத்திவிட்டு, சர்க்கரையை எடைபோட்டுப் போட்டேன். ஆனால் ஜாடியில் ஏற்கெனவே எவ்வளவு சர்க்கரை மிச்சம் இருக்கிறது என்பது நாக்குக்குத் தெரிவதில்லை, புளிப்பு அதை மறைத்துவிடுகிறது. வெயில் காலத்தில் ஈஸ்ட் பறக்கும், குளிரில் தூங்கும். கணக்கு இங்கே உடைந்துவிடுகிறது. இப்போது ஒவ்வொரு தடவையும் ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டிலையும் சேர்த்து நிரப்புகிறேன். அதை அழுத்திப் பார்த்துக் கல் மாதிரி ஆனதும் எல்லாவற்றையும் ஃப்ரிட்ஜுக்குள் தள்ளிவிடுவேன். குளிர்ந்த திரவம் வாயுவை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும், திறந்தால் அவ்வளவாகச் சீறாது. கூரைக்குப் போன அந்த பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைக்காமல் திறந்தேன். அவசரம். அதை நிரப்பும்போது கலக்கவும் மறந்திருந்தேன். அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நியாயமாகச் சொன்னால், சரியாக அமைகிற பாட்டிலுக்கு இணை கிடையாது. போன மாதம் கறுப்புத் திராட்சை போட்டது ஒன்று. மெல்லிய, நுணுக்கமான குமிழிகள், தேநீரின் துவர்ப்பு பின்னால் மெதுவாக வருகிறது. கண்ணாடிக் கோப்பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். கடையில் வாங்கிக் குடித்த எதிலும் இந்த ருசி வந்ததில்லை. மூடிய பாட்டிலில் கொஞ்சம் ஆல்கஹாலும் சேரும் என்பதால், மது தொடாதவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் கொடுப்பேன். மற்றபடி கேட்டு வாங்கிக் குடித்தவர்கள்தான் அதிகம்.

இத்தனையும் நண்பருக்கு எழுதிவிட்டு, கடைசியில் "வேண்டாம், ஆரம்பிக்காதீங்க" என்றே போட்டேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து எதற்கு மடியில் விட்டுக்கொள்ள வேண்டும்? தேநீரில் எலுமிச்சை பிழிந்து குடித்தால் ஐந்து நிமிடம், கூரையும் சுத்தமாக இருக்கும்.

அவர் படித்தாரா என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜாடியோடு வருகிறாராம். சதுர பாட்டிலை மட்டும் தூக்கிக்கொண்டு வராதீர்கள், அழுத்தம் தாங்காமல் உடையும், உருண்டையான, கனத்த கண்ணாடியாகப் பாருங்கள் என்று பதில் அனுப்பியிருக்கிறேன்.