போஸ்ட்கிரெஸ் செட்டிங்: சர்வரில் நேரடியாக மாற்றுவதா, கிட் வழியாகவா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜவுளி மொத்தக் கடையின் பில்லிங் டேட்டாபேஸை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆத்தூர், ஓமலூர், எடப்பாடிக் கிளைகளின் பில்லும் அதே சர்வரில்தான் ஏறும்; அதில் ஓடும் டேட்டாபேஸ் மென்பொருள் போஸ்ட்கிரெஸ். அதன் செட்டிங்குகளை இரண்டு வழியிலும் மாற்றிப் பார்த்துவிட்டு, இப்போது இரண்டாவது வழிக்கே வந்துவிட்டேன்.

முதல் வழி, சர்வருக்குள் போய் 'ஆல்டர் சிஸ்டம்' கட்டளை கொடுப்பது. இரண்டாவது, செட்டிங்குகள் எழுதிய கான்ஃபிக் கோப்பை கிட்டில் (கோப்பின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் மென்பொருள்) வைத்து, அன்சிபிள் (சர்வர்களுக்குச் செட்டிங்கை அனுப்பும் கருவி) மூலம் அனுப்புவது. இரண்டுக்கும் காசு கிடையாது. சட்டென்று முடிவது முதல் வழிதான். ஷேர்டு பஃபர்ஸ் (டேட்டாபேஸ் பொதுவாக ஒதுக்கி வைக்கும் மெமரி), மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் போன்றவற்றுக்கு எப்படிப் போனாலும் ரீஸ்டார்ட் வேண்டும்.

என்னை மாற்றியது வேறு விஷயம்: தப்பாகிவிட்டால் பழைய நிலைக்கு எப்படித் திரும்புவது?

ஒரு தீபாவளிக்கு முந்தைய மாதம் ஸ்டாக் ரிப்போர்ட் இழுத்துக்கொண்டே போனது. வொர்க் மெம் (குவெரி ஓடும்போது எடுத்துக்கொள்ளும் மெமரியின் வரம்பு) வழக்கமாக 4 எம்பி. ஆல்டர் சிஸ்டத்தில் அதை 256 ஆக்கினேன். ரிப்போர்ட் ஓடியது, நானும் மறந்துவிட்டேன். வொர்க் மெம் என்பது ஒரு கனெக்‌ஷனுக்கான அளவு இல்லை. ஒரு குவெரிக்குள் நடக்கும் ஒவ்வொரு சார்ட்டுக்கும் ஹேஷுக்கும் தனித்தனி உச்சவரம்பு. பண்டிகைக் கூட்டத்தில் 120 கனெக்‌ஷன். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சார்ட் என்று வைத்தாலே 30 ஜிபி. சர்வரில் இருந்ததோ 32, அதில் 8 ஷேர்டு பஃபர்ஸுக்குப் போய்விட்டது. மாலையில் மெமரி தீர்ந்து எல்லாம் ஸ்வாப்புக்கு, அதாவது மெதுவான டிஸ்க்குக்கு, இறங்கியது. கவுன்ட்டர் அக்கா போனில், "தம்பி, பில்லு சுத்திக்கிட்டே இருக்குதுங்க" என்றார்.

உடன் வேலை பார்ப்பவர் மெயின் கான்ஃபிக் கோப்பில் 16 எம்பி என்று எழுதி ரீலோடு கொடுத்தார். ஒன்றும் மாறவில்லை. ஆல்டர் சிஸ்டம் தன் மதிப்பை 'ஆட்டோ கான்ஃப்' என்ற தனிக் கோப்பில் எழுதும். போஸ்ட்கிரெஸ் அதைக் கடைசியாகப் படிப்பதால் அதில் உள்ளதே செல்லும். பிஜி செட்டிங்ஸ் என்ற பட்டியலில், மதிப்பு எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று காட்டும் சோர்ஸ்ஃபைல் பத்தியைப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. அதற்குள் நாற்பது நிமிடம் போய்விட்டது. தவறு அவருடையது இல்லை. நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

கிட்டில் அந்த வரிக்கு நேரே யார், எப்போது மாற்றினார் என்பது இருக்கும். ஒரு கமிட்டில், அதாவது கிட்டில் ஒருமுறை பதியும் மாற்றத்தில், ஒரே செட்டிங் என்று வைத்திருக்கிறோம். குவெரிகளின் நேரத்தைக் கணக்கெடுக்கும் பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸில் எடுத்த முந்தைய சராசரி நேரத்தையும் பிந்தையதையும் கமிட் குறிப்பிலேயே எழுதிவிடுவோம். வேகம் குறைந்தால் அந்த ஒரு கமிட்டைத் திருப்பினால் போதும். அன்சிபிளை செக், டிஃப் இரண்டும் போட்டு ஓட்டினால், எந்த வரி மாறப்போகிறது என்று முன்கூட்டியே காட்டிவிடும். அப்புறம், அந்த ரிப்போர்ட்டுக்கு உண்மையில் தேவைப்பட்டது அதன் டிரான்ஸாக்‌ஷனுக்குள் ஒரு 'செட் லோக்கல்' (அது முடியும்வரை மட்டுமே செல்லும் மாற்றம்) மட்டும்தான். கமிட் குறிப்பு எழுத உட்கார்ந்திருந்தால் அன்றைக்கே அது தோன்றியிருக்கும்.

ஒரே சர்வர், ஒரே ஆள் என்றால் அன்சிபிள் வேண்டாம். கிட்டும் ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட்டும் போதும். கிளவுட் டேட்டாபேஸில் செட்டிங்குகளை அந்தச் சேவை தரும் கம்பெனியின் பக்கத்திலேயே மாற்ற வேண்டியிருக்கும். அதைச் சோதனைக்கு மட்டுமே தொட்டிருக்கிறேன், அதனால் அங்கே எது மேல் என்று சொல்ல மாட்டேன்.

கிட்டுக்கு மாறுபவர்கள் ஒரு ஓட்டையை அடைக்க வேண்டும். யாராவது ஆல்டர் சிஸ்டம் கொடுத்தால் கிட்டில் இருப்பது செல்லாமல் போய்விடும். 2024இல் வந்த போஸ்ட்கிரெஸ் 17இல் 'அலவ் ஆல்டர் சிஸ்டம்' என்பதை ஆஃப் செய்தால் அந்தக் கட்டளையே ஓடாது. ஆனால் ஆட்டோ கோப்பில் ஏற்கெனவே கிடப்பதை அது தொடாது. அதில் தேவையானதை கிட்டுக்கு எடுத்துக்கொண்டு, 'ஆல்டர் சிஸ்டம் ரீசெட் ஆல்' கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு ஆஃப் செய்யுங்கள்.