அழைத்து வந்த ஆலையும் தானாய் வளர்ந்த ஊரும்: ஸ்ரீபெரும்புதூர், திருப்பூர் – ஓர் ஒப்பீடு

ஒரு வட்டாரத்தில் தொழிலை வளர்க்க அரசுக்குப் பெரும்பாலும் இரண்டு வழிகள் உண்டு. பெரிய நிறுவனம் ஒன்றுக்கு நிலமும் வரிச்சலுகையும் கொடுத்து அழைத்து வந்து, அதைச் சுற்றி உதிரிபாகத் தொழில்கள் முளைக்கும் என்று காத்திருப்பது ஒன்று. ஏற்கெனவே ஓர் ஊரில் வேர்பிடித்திருக்கும் சிறுதொழில்களுக்கு, தனித்தனியாகக் கட்டுப்படியாகாத வசதிகளைப் பொதுவில் அமைத்துக் கொடுப்பது மற்றொன்று. தமிழ்நாட்டில் முதல் வழிக்கு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியையும் இரண்டாம் வழிக்குத் திருப்பூரையும் எடுத்துக்கொள்ளலாம். வேலைவாய்ப்பு எண்ணிக்கையையும் ஏற்றுமதித் தொகையையும் வைத்தே இவற்றை எடைபோடுவது வழக்கம். புதியதைக் கண்டுபிடிக்கும் திறன் எங்கே ஊறுகிறது, வந்தவர் போன பிறகும் எங்கே தங்குகிறது என்று கேட்டால் கணக்கு வேறாக வருகிறது.

1996இல் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்த ஹூண்டாய், 1998இல் சான்ட்ரோ காரை வெளியே விட்டது. கூடவே கொரிய உதிரிபாக நிறுவனங்களும் வந்தன. அவற்றின் தரக் கட்டுப்பாட்டு முறைகளை உள்ளூர்ப் பட்டறைகளும் கற்றுக்கொண்டன. இந்தப் பலனைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அதே வட்டாரத்தில் நோக்கியாவின் கதை வேறு. 2006இல் உற்பத்தி தொடங்கிய அந்த ஆலை, வரித் தகராறில் சிக்கியதால், நோக்கியாவின் கைபேசித் தொழிலை 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது அதன் கைக்கு மாறாமல் தனித்து நின்றது, நவம்பரில் மூடப்பட்டது. அதே வளாகத்திலிருந்து அதற்குப் பாகங்கள் கொடுத்துவந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் டிசம்பரில் நின்றது. கைபேசியின் வடிவமைப்பு வேறிடத்தில் நடந்ததால், மிஞ்சியவை கட்டடமும் பழகிய கைகளும்தாம். பின்னாளில் கைபேசிச் சார்ஜர் தயாரிக்கும் சால்காம்ப் நிறுவனம் அந்த ஆலையை வாங்கியதற்கும், இன்று ஐபோன்கள் அவ்வட்டாரத்தில் பாகம்பாகமாகப் பூட்டி உருவாக்கப்படுவதற்கும் அந்தக் கைகளும் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் இடையில் கழிந்த ஆண்டுகளில் உள்ளூரிலிருந்து ஒரு கைபேசி நிறுவனம் எழவில்லை. மறைமலைநகரில் ஃபோர்டு கார் உற்பத்தியை நிறுத்தியபோது, சென்னையில் அதன் பொறியியல், வணிகச் சேவைப் பணிகள் தொடர்ந்தன என்பதையும் இதனுடன் சேர்த்துப் பார்க்கலாம். பூட்டும் வேலை போய்விடும், யோசிக்கும் வேலை அவ்வளவு எளிதில் போவதில்லை.

திருப்பூரை யாரும் அழைத்து வரவில்லை. உள்நாட்டுக்குப் பனியன் தைத்துக்கொண்டிருந்த ஊர், 1970களின் இறுதியில் இத்தாலிய வணிகர் ஒருவர் வழியாக வெளிநாட்டு ஆர்டர் எடுக்கத் தொடங்கியது. இன்று அதன் பின்னலாடை ஏற்றுமதி ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாயைத் தொடுகிறது. ஒரு டி-சர்ட் இங்கே ஒரே கூரையின்கீழ் பிறப்பது குறைவு. நூல் ஒரு நிட்டிங் கம்பெனிக்குப் போகும். துணி சாயப்பட்டறைக்கும், பிறகு துணி சுருங்காதபடி அழுத்திப் பதப்படுத்தும் காம்பாக்டிங்குக்கும் போகும். வெட்டிய பீஸ்கள் பிரிண்டிங், எம்பிராய்டரி என்று டெம்போவில் தெருத்தெருவாகச் சுற்றி, காஜா பட்டன் முடித்துச் செக்கிங் மேசைக்கு வரும். ஒவ்வொரு வேலைக்கும் தனிக்கடை, தனிக்கணக்கு. ஒரு பட்டறை கண்ட சூத்திரம் அடுத்த வாரமே அடுத்த தெருவுக்குத் தெரிந்துவிடுவது இந்த அலைச்சலால்தான்.

அந்த அறிவின் எல்லை 2011 ஜனவரியில் தெரிந்தது. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலப்பதற்காகச் சென்னை உயர்நீதிமன்றம் ஏறத்தாழ 700 சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. அந்தக் கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையின் கீழிருந்த விவசாயிகள் அதற்குள் பல ஆண்டுகள் நிலத்தையும் கிணற்றையும் இழந்திருந்தார்கள். ஊர் தானாகத் திருந்தியது என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆனால் ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்றானதும் நடந்தது கவனிக்கத்தக்கது. பருத்திக்குச் சாயமேற்ற உப்பு ஏராளமாக வேண்டும், கழிவுநீரை ஆர்.ஓ.வில் வடித்தபின் மிஞ்சும் உப்புநீரை ஆவியாக்கி முடிப்பது எரிபொருளையும் பணத்தையும் விழுங்கியது. அந்த உப்புநீரைத் துப்புரவாக்கி மீண்டும் சாயத்தொட்டிக்கே அனுப்பும் முறை பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் செயலுக்கு வந்தபோது, ஆவியாக்க வேண்டிய அளவு குறைந்தது, உப்புச் செலவும் மிச்சமானது. தனிப் பட்டறை எதுவும் இதைச் செய்திருக்க முடியாது. நீதிமன்றத்தின் நெருக்குதல், மாநில அரசின் வட்டியில்லாக் கடன், பட்டறைக்காரர்கள் கூட்டாகப் போட்ட பங்கு ஆகிய மூன்றும் சேர்ந்ததால்தான் முடிந்தது.

எனவே என் தராசு திருப்பூர் பக்கம் சாய்கிறது, சில குறைகளோடு. ஊருக்குப் பெயர் உண்டு, உலகறிந்த சொந்த பிராண்டு இல்லை. விலையை வாங்குபவரே தீர்மானிப்பதால் லாபம் மெலிகிறது, கூலியும் மெலிகிறது. கண்டுபிடிப்பெல்லாம் செய்முறையில்தான், ஆடையில் அல்ல. இந்த இடத்தில் கோயம்புத்தூரை நினைக்கத் தோன்றுகிறது. பி.எஸ்.ஜி. தொழிற்கல்வி நிலையம் 1926இலேயே இருந்த ஊர் அது. 1937இல் நாட்டின் முதல் மின்மோட்டார் அங்கே உருவானது. பட்டறையும் கல்லூரியும் சோதனைக்கூடமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததால், பம்பும் வெட் கிரைண்டரும் அங்கேயே வடிவம் பெற்றன. திருப்பூருக்கு வாய்க்காதது அந்த அக்கம்பக்கம்.

மத்திய அரசின் குறு, சிறு தொழில் தொகுதி மேம்பாட்டுத் திட்டத்தில் பொது வசதி மையம் அமைக்க, தொழில்முனைவோர் சேர்ந்து தனி நிறுவனம் தொடங்கிப் பங்குத்தொகை போட வேண்டும். சேர்ந்து வேலை செய்து பழகாத ஊரில் இந்த நிபந்தனையே தடையாகிவிடும். 1990 முதல் ஏற்றுமதியாளர் சங்கம் இயங்கும் திருப்பூரில் அப்படியல்ல. 2025இல் அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்தபோது அடி பட்டதும், பருத்தியை மட்டும் நம்பியிருப்பது பற்றிய பேச்சு ஊரில் மீண்டும் எழுந்தது. விளையாட்டு உடைகளுக்கான பாலியஸ்டர் துணிக்கு உயர் வெப்பத்தில் சாயமேற்றும் இயந்திரம் வேண்டும், வேறு சாயம் வேண்டும், வியர்வை உலரும் வேகத்தை அளக்கும் சோதனைக்கூடம் வேண்டும். 20 பவர் டேபிள் (மின் தையல் மேசை) வைத்திருப்பவரால் இவற்றில் ஒன்றைக்கூட வாங்க முடியாது. ஓர் ஆலையை அழைத்து வர விட்டுக்கொடுக்கும் வரியில் சிறு பங்கு போதும், அந்தக் கூடத்தை அவினாசி சாலையில் எழுப்பிவிடலாம்.